முகக்காப்புக்குப் பின்னே

நுழையும்முன்

வென்றவர்களின் வரலாறுகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். வெற்றியின் வாயில்வரை சென்று நின்றவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. முயற்சிக்கு உரிய பயன் வெற்றி ஒன்றுதானா? அமெரிக்க அடிபந்தாட்டத்தில் நெடுங்காலம் கீழ்நிலை அணிகளில் உழைத்த ஓர் ஆட்டக்காரரின் வாழ்வைத் துணையாகக் கொண்டு, ஓர் ஆசிரியர் தம் பாடத்தைத் தாமே திருத்திக்கொண்ட கதையை இக்கட்டுரை கூறுகிறது.

விடையற்று நின்ற நாள்

‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தை நான் வகுப்பில் நடத்தத் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் பாடத்தை முடிக்கும்போது, ‘முயன்றால் வெற்றி உறுதி’ என்று கரும்பலகையில் எழுதி, அதன்கீழ் அழுத்தமாக ஒரு கோடு இடுவது என் வழக்கம். மாணவர்களும் தம் ஏடுகளில் அதை எழுதி அடிக்கோடு இடுவர். மணி அடிக்கும். பாடம் முடிந்துவிட்டது என்ற நிறைவோடு ஆசிரியர் அறைக்குத் திரும்புவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் பழைய மாணவி ஒருத்தி சான்றிதழ் ஒன்றைப் பெறப் பள்ளிக்கு வந்திருந்தாள். படிக்கும் காலத்தில் கைப்பந்தாட்டத்தில் நாட்டம் மிக்கவள். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் ஆடுகளத்தில் இருப்பாள். மாவட்ட அணிக்கு மூன்று ஆண்டுகள் தேர்வானாள். மூன்று ஆண்டுகளும் மாற்று ஆட்டக்காரராகவே பலகையில் அமர்ந்திருந்தாள். மாநில அணிக்கான தேர்வில் இருமுறை கலந்துகொண்டும் இடம் கிடைக்கவில்லை. நலம் விசாரித்தபின் அவள் மெல்லக் கேட்டாள்: “தமிழம்மா, முயன்றால் வெற்றி உறுதி என்றுதானே எழுதிப் போட்டீர்கள்? நான் முயலவில்லையா?”

அவள் குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் ஏதேனும் ஆறுதல் கூறி அனுப்பியிருப்பேன். உண்மையாகவே விடையை அறிய விரும்பிக் கேட்டாள். என்னிடம் விடை இல்லை. “காலம் வரும் அம்மா” என்று ஏதோ சொல்லி வழியனுப்பினேன். அந்தச் சொல் எனக்கே வெறுமையாக ஒலித்தது.

ஆலன்டவுனில் ஒரு மாலை

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹை பள்ளத்தாக்கு என்னும் பகுதியில் அவர்கள் வாழ்கின்றனர். ஒரு காலத்தில் இரும்பும் எஃகும் உருக்கிய ஊர்கள் நிறைந்த பகுதி அது. ஒரு மாலை மருமகன் எங்களை ஆலன்டவுன் நகரின் விளையாட்டரங்கிற்கு அழைத்துச் சென்றார். பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தை நான் நேரில் கண்டது அன்றுதான். உள்ளூர் அணியின் பெயர் ‘அயர்ன்பிக்ஸ்’. உருக்காலையில் வார்க்கப்படும் வார்ப்பிரும்புப் பாளத்தின் பெயரைத் திருப்பிப் போட்டு வைத்த பெயராம்.

“அத்தை, பெரிய அணியைப் பார்க்க வேண்டுமானால் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும். இது அதற்கு ஒரு படி கீழே உள்ள அணி. மைனர் லீக் என்பார்கள். இங்கே ஆடுபவர்கள் எல்லாரும் மேலே போகக் காத்திருப்பவர்கள்” என்றார் மருமகன்.

காத்திருப்பவர்கள் என்ற சொல் என் மனத்தில் தைத்தது. ஆட்டத்தின் விதிகள் எனக்குப் பெரிதும் விளங்கவில்லை. ஆயினும் ஒருவரிடமிருந்து என் கண்கள் விலகவில்லை. அவர்தான் கேட்சர். நம் கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் நிற்குமிடத்தில், மட்டை பிடிப்பவருக்குப் பின்னே குந்தி அமர்ந்திருப்பவர்.

குந்தி அமரும் தொழில்

கேட்சரின் பணியை அறிந்துகொள்ள அன்றும் அதன்பின்னும் நான் பலவற்றைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். பந்தை எறிபவரை பிட்சர் என்பர். அவர் நிற்கும் மேட்டிற்கும், மட்டையாளர் நிற்கும் ஐங்கோண வெண்பலகைக்கும் இடைப்பட்ட தொலைவு பதினெட்டரை மீட்டருக்குச் சற்றே குறைவு. மணிக்கு 150 கிலோமீட்டர் விரைவில் வரும் பந்து அத்தொலைவை அரை நொடிக்குள் கடந்துவிடும். மட்டையில் பட்டுத் திசை மாறும் பந்தைக் காண்பதற்குக்கூடக் கேட்சருக்கு நேரமிராது. விரலிலோ தோளிலோ முகக்காப்பிலோ அது வந்து மோதும். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி ஏறத்தாழ 150 பந்துகளை எறிகிறது. அத்தனை முறையும் அவர் குந்த வேண்டும், எழ வேண்டும், மீண்டும் குந்த வேண்டும்.

களத்தில் ஏனைய எண்மரும் மட்டையாளரை நோக்கி நிற்க, கேட்சர் ஒருவர் மட்டுமே அவர்களை நோக்கி அமர்ந்திருக்கிறார். ஆகவே முழு ஆடுகளமும் அவர் கண்முன் விரிகிறது. எந்த மட்டையாளருக்கு எவ்வகைப் பந்தை எறிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவரே தீர்மானித்துக் குறிப்புக் காட்டுகிறார். எறிபவர் மனந்தளரும்போது மேட்டிற்கு நடந்து சென்று நாலு சொல் பேசித் தேற்றுகிறார். ஆட்டம் வென்றால் எறிபவரின் பெயரையே செய்தித்தாள்கள் எழுதும். அந்த எறிதலைத் திட்டமிட்டவர் முகக்காப்புக்குள் இருப்பார்.

அன்று ஒரு பந்து மட்டையின் விளிம்பில் பட்டுக் கேட்சரின் தோளில் பலமாக மோதியது. அவர் சாய்ந்து ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அப்போது பின்னால் நின்ற நடுவர், சிறு தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு முன்வந்து, வெண்பலகையின்மீது படிந்த புழுதியை மெல்ல, மிக மெல்லத் துடைத்தார். பலகையில் அவ்வளவு புழுதி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

“கேட்சர் மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறார் அத்தை. நடுவருக்கு அடிபட்டால், எறிபவரிடம் பேசப் போவதுபோல் நடந்து கேட்சர் அவருக்கு நேரம் கொடுப்பார்” என்று மருமகன் விளக்கினார்.

எந்த விதிநூலும் கட்டாயப்படுத்தாத அந்த மரபு என் நெஞ்சைத் தொட்டது. அடுத்தவர் வலியை அறிந்தும் அறியாததுபோல் ஒழுகும் நயத்தகு பண்பு அதில் இருந்தது.

தெரியுமா?

கேட்சரின் கவசங்களை ‘அறியாமையின் கருவிகள்’ என்று அமெரிக்கர் வேடிக்கையாகக் கூறுவர். அறிவுடைய எவரும் இவற்றை அணிய வேண்டிய வேலைக்கு வரமாட்டார் என்பது அதன் உட்பொருள். 1907ஆம் ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ராஜர் பிரெஸ்னஹான் என்னும் கேட்சர், கிரிக்கெட் ஆட்டக்காரர் அணிவது போன்ற காலுறைக் காப்பை வெளிப்படையாக அணிந்து களமிறங்கினார். அன்று அது கேலிக்கு உள்ளாயிற்று. இன்று அஃது இல்லாமல் எந்தக் கேட்சரும் களமிறங்குவதில்லை.

ஏணியும் கூலியும்

மைனர் லீக் என்பது ஓர் ஏணி. அமெரிக்காவிலும் கனடாவிலும் முப்பது பெருங்கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் கீழும் படிப்படியாக அமைந்த சிறு அணிகள் உண்டு. தொடக்கநிலை ஆட்டக்காரர் கீழ்ப்படியில் சேர்ந்து, திறமைக்கேற்ப ‘டபுள் ஏ’, ‘டிரிபிள் ஏ’ என ஏற வேண்டும். நான் கண்ட அணி உச்சிப்படிக்கு ஒரு படி கீழே இருந்தது. கீழிருந்து காண மிக அண்மையாகத் தோன்றும் அந்த ஒரு படியை ஏற முடியாமலே பலரின் ஆட்டக்காலம் முடிந்துவிடுகிறது.

அவர்கள் பெற்ற ஊதியம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. 2022ஆம் ஆண்டில் டிரிபிள் ஏ நிலை ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலர். கீழ்ப்படியில் இருந்தவருக்கு 4,800 டாலர் மட்டுமே. மேல்நிலை ஆட்டக்காரர்கள் அதே ஆண்டில் இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் ஈட்டினர். ஊதியம் ஆட்டப் பருவத்திற்கு மட்டுமே கிடைத்ததால், குளிர்காலத்தில் வேறு வேலைகளைத் தேடி அலைந்தோர் பலர். மைனர் லீக்கில் பந்து எறிந்து, பின்னர்ச் சட்டம் பயின்ற காரெட் புரோஷுயிஸ் என்பவர், தம் பழைய தோழர்களின் ஊதியத்திற்காக வழக்காடினார். 2022இல் அவ்வழக்கு 18.5 கோடி டாலருக்கு இணக்கமாக முடிந்தது. அதே ஆண்டு மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். 2023இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி டிரிபிள் ஏ நிலையின் குறைந்தபட்ச ஊதியம் 35,800 டாலராகவும், கீழ்ப்படியினது 19,800 டாலராகவும் உயர்ந்தன. நான் அரங்கில் அமர்ந்திருந்தபோது, களத்தில் இருந்தவர்கள் அப்புதிய ஊதியத்தின் முதல் பருவத்தில் ஆடிக்கொண்டிருந்தனர்.

முப்பத்துமூன்று வயதில் ஒரு புதுமுகம்

வீடு திரும்பியபின் மருமகன் ஒரு நூலை என்னிடம் கொடுத்தார். கிறிஸ் கோஸ்ட் என்னும் கேட்சர் 2008இல் வெளியிட்ட தன்வரலாறு அது. முப்பத்துமூன்று வயதுப் புதுமுகம் என்பது அத்தலைப்பின் பொருள்.

கோஸ்ட் 1973ஆம் ஆண்டு வட டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் பிறந்தார். ஆற்றுக்கு அக்கரையில், மூர்ஹெட் ஊரிலுள்ள கன்கார்டியா கல்லூரியில் பயின்றார். இளம் ஆட்டக்காரர்களைப் பெருங்கழகங்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும்போது எந்தக் கழகமும் அவர் பெயரை அழைக்கவில்லை. ஆகவே ஏணியின் கீழ்ப்படியில்கூட அவருக்கு இடமில்லை. 1995இல் பெருங்கழகங்களோடு தொடர்பில்லாத தனித்த அணிகளில் ஆடத் தொடங்கினார். 1996 முதல் நான்கு பருவங்கள் சொந்த ஊர் அணியான ரெட்ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். அதன்பின்னரே பெருங்கழகம் ஒன்றின் கீழ் அணியில் இடம் கிடைத்தது. கிளீவ்லாந்து, பாஸ்டன், மில்வாக்கி, பிலடெல்பியா எனக் கழகங்கள் மாறின, ஊர்கள் மாறின, படி மாறவில்லை. மனைவியையும் சிறு மகளையும் பிரிந்தும் அழைத்துக்கொண்டும் ஊர் ஊராகச் சென்றார். கேட்சராக மட்டுமன்றி, எந்த இடத்தில் ஆள் குறைந்தாலும் அங்கு நின்று ஆடினார்.

2006ஆம் ஆண்டு வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் அவர் நூறு அடிவாய்ப்புக்கு நாற்பத்தாறு என்ற அளவில் பந்தை வெற்றிகரமாக அடித்தார். நூற்றுக்கு முப்பது அடித்தாலே சிறந்த மட்டையாளர் எனப் போற்றும் ஆட்டம் அது. பிலடெல்பியா பிலீஸ் அணியில் இடம் உறுதி என்று அனைவரும் எண்ணினர். பருவம் தொடங்கும் தறுவாயில் வேறோர் ஆட்டக்காரர் அணிக்கு வந்து சேர, கோஸ்ட் மீண்டும் கீழணிக்கு அனுப்பப்பட்டார். கதவு திறந்து, உள்ளே ஒளி தெரிந்து, மீண்டும் மூடிக்கொண்டது போன்ற நிலை. அந்த அதிர்ச்சியில் கீழணியிலும் அவர் ஆட்டம் தளர்ந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில் அழைப்பு வந்தது. முப்பத்துமூன்று வயதில் கோஸ்ட் முதன்முறையாக உச்சிப்படியில் களமிறங்கினார். அவ்வாண்டு 65 ஆட்டங்களில் நூற்றுக்கு முப்பத்திரண்டுக்கு மேல் அடித்தார். அடுத்த ஆண்டு மீண்டும் கீழணிக்கு அனுப்பினர். மீண்டும் ஏறி வந்தார். 2008 ஆகஸ்டு 26 அன்று நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பிலீஸ் அணி சுழியத்திற்கு ஏழு எனப் பின்தங்கியிருந்தது. ஆட்டத்தின் பிற்பகுதியில் மாற்று ஆட்டக்காரராக நுழைந்த கோஸ்ட், தாம் பெற்ற நான்கு வாய்ப்புகளிலும் அடித்தார். வழக்கமான ஒன்பது சுற்றுகளையும் கடந்து நீண்ட அவ்வாட்டத்தின் பதின்மூன்றாம் சுற்றில், வெற்றியைத் தந்த அடியும் அவருடையதே. அவ்வாண்டு அக்டோபரில் பிலீஸ் அணி உலகத் தொடர் வாகையைச் சூடியது.

நூலை மூடியபோது எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. என் மாணவியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே எண்ணினேன். ‘பார் அம்மா, பதினோர் ஆண்டுகள் காத்திருந்தவருக்கும் வெற்றி வந்ததே’ என்று சொல்லலாம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கோஸ்டுடன் அதே பேருந்துகளில் பயணம் செய்து, அதே அடிகளைத் தாங்கி, அதே பதினோர் ஆண்டுகள் உழைத்து, அழைப்பே வராமல் ஊர் திரும்பியவர்களிடம் நான் என்ன சொல்வேன்? அவர்கள் முயலவில்லையா? கோஸ்டுக்கே அந்த மே மாதத்தில் அழைப்பு வராதிருந்தால், அவருடைய பதினோர் ஆண்டுகளும் வீணா? என் கரும்பலகை வாசகம் மீண்டும் என்முன் வந்து நின்றது.

தோற்ற கேட்சர்

அடிபந்தாட்டத்தின் வரலாற்றில் மற்றொரு கேட்சரையும் அவ்விடுமுறையில் அறிந்தேன். அவர் பெயர் பிராஞ்ச் ரிக்கி. 1907 ஜூன் 28 அன்று நியூயார்க் அணிக்காக அவர் களத்தில் இருந்தபோது, எதிரணியினர் ஒரே ஆட்டத்தில் 13 முறை தளங்களைத் திருடினர். பந்து எறியப்படும் நேரம் பார்த்து அடுத்த தளத்திற்கு ஓடிவிடுவதே தளத் திருட்டு. அதைத் தடுப்பது கேட்சரின் கடமை. தோள் நலிவுற்றிருந்த ரிக்கியால் தடுக்க முடியவில்லை. ஆட்டக்காரராக அவர் வாழ்வு விரைவில் முடிந்தது.

ஆயினும் முழுக் களத்தையும் நோக்கிப் பழகிய கண் அவரிடம் எஞ்சியிருந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிருவாகியாக, இளம் ஆட்டக்காரர்களைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் கீழணி அமைப்பை அவரே உருவாக்கினார். நான் மேலே கூறிய ஏணி அவர் அமைத்தது. பின்னர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பொறுப்பில் இருந்தபோது, 1945இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்தார். அக்காலத்தில் கறுப்பினத்தவருக்குப் பெருங்கழகங்களில் இடம் மறுக்கப்பட்டிருந்தது. ராபின்சன் 1946இல் மாண்ட்ரியலின் மைனர் லீக் அணியில் ஆடி, 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். நிறவெறிச் சுவரில் விழுந்த பெரும் பிளவு அது. பதின்மூன்று திருட்டுகளைத் தடுக்க முடியாத கேட்சர், ஓர் அநீதியைத் தடுக்க முன்நின்றார்.

ஒரு சொல்லின் பொருள்

ஊர் திரும்பியபின் திருக்குறளை மீண்டும் எடுத்துப் படித்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக மனப்பாடமாகச் சொல்லிவந்த குறளில் ஒரு சொல் என் கண்ணை மறித்தது. ஊழ் துணை நில்லாத இடத்திலும் முயற்சிக்கு ஒரு பயன் உண்டு என்று கூறவந்த வள்ளுவர், அங்கே ‘வெற்றி’ என்ற சொல்லை வைக்கவில்லை. ‘கூலி’ என்ற சொல்லையே வைத்திருக்கிறார். வெற்றியை உறுதி செய்தவர் வள்ளுவர் அல்லர். கரும்பலகையில் எழுதிய நான்.

கூலி என்பது உழைத்த உழைப்பிற்கு உரியது. அது பரிசு அன்று. பரிசு ஒருவருக்கே கிடைக்கும். கூலி உழைத்த ஒவ்வொருவருக்கும் உரியது. நெடுங்காலம் குந்தி அமர்ந்த கேட்சர் பெறும் கூலி யாது? முழுக் களத்தையும் ஒருசேர நோக்கும் கண். தளர்ந்தவரிடம் சென்று பேசத் தெரிந்த நாவு. அடிபட்டவருக்கு மூச்சு வாங்க நேரம் தரும் நெஞ்சு. இவை மேலிருந்து அழைப்பு வந்த நாளில் உண்டானவை அல்ல. வராவிட்டாலும் இல்லாமற் போகக் கூடியவை அல்ல. கோஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் தாம் படித்த கல்லூரிக்கே பயிற்றுநராகத் திரும்பினார். பின்னர்ச் சொந்த ஊரின் ரெட்ஹாக்ஸ் அணிக்கு மேலாளரானார். எந்தக் கழகமும் அழைக்காத இளைஞராக எங்கு ஆடினாரோ, அங்கேயே பிறரை ஆட்டுவிக்கும் பொறுப்பை ஏற்றார். அப்பணிக்கு வேண்டிய கல்வியை அவர் பெரும்பகுதி பெற்றது கீழ்ப்படிகளில்தான்.

இங்கு ஒன்றை மறவாமல் கூற வேண்டும். உழைப்பே உழைப்புக்குக் கூலி என்று சொல்லி, உழைப்பவரின் கையில் தர வேண்டிய கூலியைக் குறைப்பது அறம் ஆகாது. மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தம் ஊதியத்திற்காக வழக்காடியதும் ஆள்வினையே. உள்ளம் பெறும் கூலி வயிற்றுக்குரிய கூலிக்கு மாற்று ஆகாது.

சென்ற ஆண்டு அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். “நான் எழுதிப் போட்டது தவறு அம்மா” என்றேன். கேட்சரைப் பற்றியும் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்தாள்.

“தமிழம்மா, பலகையில் உட்கார்ந்திருந்த மூன்று ஆண்டும் நான் சும்மா இருக்கவில்லை. எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். இடைவேளையில் எங்கள் அணிக்கு நான்தான் சொல்வேன். அது வெளியில் யாருக்கும் தெரியாது” என்றாள். பின்பு சிரித்துக்கொண்டே, “அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்காவது சரியாக எழுதிப் போடுங்கள்” என்றாள்.

எழுதிப் போட்டேன். இவ்வாண்டு ஆள்வினையுடைமை அதிகாரத்தை நடத்தி முடித்தபோது, கரும்பலகையில் ‘கூலி’ என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதினேன். அடிக்கோடு இடவில்லை. “இதன் பொருள் என்ன?” என்று மாணவர்களைக் கேட்டேன். மணி அடித்த பின்பும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர்.

கற்பவை கற்றபின்...

1. வெற்றி, பரிசு, கூலி ஆகிய மூன்று சொற்களுக்கும் இடையிலான பொருள் வேறுபாட்டை உங்கள் வாழ்வில் நிகழ்ந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்கிப் பேசுக.

2. உங்கள் பள்ளியிலோ ஊரிலோ பிறர் கண்ணில் படாமல் ஒரு செயலின் வெற்றிக்குத் துணைநிற்கும் ஒருவரைச் சந்தித்து உரையாடி, அவரைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘உழைப்பவருக்கு மனநிறைவே போதும்’ என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.